போர்ட் லூயிஸில் அரை நாள்: ஜும்மா பள்ளிவாசலா, செயின்ட் ஜேம்ஸ் பேராலயமா?

கைலாசன் தமிழ்க் கோவிலுக்கு வந்துவிட்டு, மீதி நேரத்தில் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் பழைய கட்டடம் ஒன்றைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிபாட்டுக்குத் திறந்தவை. ஆனால் பிறப்பு வேறு.

ஜும்மா பள்ளிவாசலை இந்திய முஸ்லிம் வணிகர்கள் தொழுகைக்கென்றே கட்டினார்கள். ராயல் தெருவின் கடைச்சத்தம், செதுக்கிய மரக்கதவைத் தாண்டியதும் அடங்கிவிடும். முற்றத்து நாட்டுவாதுமை மரம் பள்ளிவாசலைவிட மூத்தது. மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றியே கட்டியிருக்கிறார்கள். அந்த ஒன்றுக்காகவே போகலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மா தொழுகைக் கூட்டம் இருக்கும். மற்ற நாள்களில் தொழுகை வேளைகளுக்கு இடையே, காலை பத்து மணிவாக்கில் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பலர் அரைக்கால் சட்டையில் வந்து வாசலோடு திரும்புகிறார்கள். தொழுகைக்கூடத்துக்குள் நுழைய முயலாமல் முற்றத்தோடு நில்லுங்கள்.

செயின்ட் ஜேம்ஸ், பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்துக் கிடங்காக இருந்தது. ஆங்கிலேயர் பின்னர் அதை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயமாக்கினார்கள். வெடிப்பைத் தாங்கக் கட்டிய சுவர், சுமார் 3 மீட்டர் தடிமன். அதனால்தான் புயல் காலத்தில் ஊர்மக்கள் இங்கே ஒதுங்கினார்கள். வெளித்தோற்றம் சாதாரணம்தான். வழிபாடு இல்லாதபோது பூட்டியிருக்கக்கூடும். ஞாயிறு காலையே நம்பகமானது.

முதல்முறை வருபவருக்குப் பள்ளிவாசலையே சொல்வோம். கட்டடக்கலை பிடித்தவர் பேராலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் போகக்கூடாது.