எங்கள் ஊர் டயாலிசிஸ் புலனக் குழு

என் கணவருக்கு வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கான இந்த வாட்ஸ்அப் குழுவை ஓய்வுபெற்ற தாதி ஒருவர் கவனிக்கிறார்.

அக்கா கண்டிப்பானவர், அதுவே நல்லது. நட்சத்திரப்பழச் சாறு சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று ஒருவர் பகிர்ந்ததை உடனே நீக்கினார். அதிலுள்ள கேரம்பாக்சின் நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், வலிப்பு, உயிருக்கே ஆபத்து என்று குரல்பதிவில் விளக்கினார். பகிர்ந்தவரை எல்லார் முன்னாலும் திட்டவில்லை, தனியாக அழைத்துப் பேசினார். மருந்து விற்க வருபவர்களுக்கு இடமே இல்லை.

"போதும், இனி டயாலிசிஸ் ஊசி வேண்டாம்" என்று யாராவது மனம் தளர்ந்து எழுதினால் அவரே போன் செய்கிறார். அப்புறம், ஒருவர் இறந்தால் குடும்பத்தைக் கேட்காமல் செய்தி போடுவதில்லை. எனக்கு இதுதான் பெரிது.

ஒரே குறை, எல்லாச் சுமையும் அவர் ஒருவர் தலையில். இன்னும் இரண்டு பேராவது உதவிக்கு வர வேண்டும்.