கிட்: வேலைக்கு முழு மார்க், பேச்சுக்குப் பாஸ் மார்க்

போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவியில் வேலை பார்க்கும்போது, திரையில் "டிடாச்ட் ஹெட்" என்று வந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எதையோ உடைச்சிட்டேன் போல" என்று பதறி வந்தாள். எதுவும் உடையவில்லை, பழைய கமிட் (முன்பு சேமித்து வைத்த ஒரு நிலை) ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அதைச் சொல்லத் தலை கழன்றுவிட்டது என்றா செய்தி வைப்பது? கீழே நல்ல விளக்கமே இருக்கிறது, ஆனால் முதல் வரியில் மிரண்டவர் கீழே எங்கே படிப்பார்.

கிட்டின் வேலையில் குறை சொல்ல மாட்டேன். லினக்ஸின் உள்மையமான கெர்னலை எழுதும் ஆட்கள் பயன்படுத்திவந்த, இதே மாதிரிக் கருவியான பிட்கீப்பரின் இலவச அனுமதி நின்றுபோக, 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இது. நெட் இல்லாமலே கமிட் போடலாம், புது பிராஞ்ச் (தனியாக வேலை செய்து பார்க்க ஒரு கிளை) கண் மூடித் திறப்பதற்குள் தயார்.

என் கோபமெல்லாம் செக்அவுட் கட்டளை மேல். பின்னால் பிராஞ்ச் பெயரைப் போட்டால் அந்த பிராஞ்சுக்குப் போகும், போகும்போது உங்கள் மாற்றங்கள் அழியும் நிலை இருந்தால் முடியாது என்று நின்றுவிடும், நல்ல பிள்ளை. அதே கட்டளைக்குப் பின்னால் ஃபைல் பெயரைப் போட்டுப் பாருங்கள், அந்த ஃபைலில் நீங்கள் ஸ்டேஜ் செய்யாமல் (அடுத்த கமிட்டுக்கு என்று எடுத்து வைக்காமல்) வைத்திருந்த மாற்றங்களை "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காமல் துடைத்துவிடும். ஒரே கதவு, ஒரு நாள் வீட்டுக்குள் விடும், இன்னொரு நாள் கிணற்றில் தள்ளும். இதை ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று இரண்டாகப் பிரித்தது 2019 ஆகஸ்டில், 2.23 பதிப்பில்தான். பதினாலு வருஷம்!

அப்புறம் பெயர்க் குழப்பம். ஸ்டேஜிங் ஏரியா என்பார்கள், இண்டெக்ஸ் என்பார்கள், என்ன மாறியது என்று காட்டும் டிஃப் பார்க்கும்போது கேஷ்ட் என்று போட்டாலும் வேலை செய்யும். மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் பழைய நிலைக்கே திருப்பிவிடும் ஹார்டு ரீசெட்டை நானே போட்டு மூன்று கமிட்டைத் தொலைத்தேன். பிராஞ்ச் எங்கெங்கே இருந்தது என்று கிட் எழுதி வைக்கும் ரெஃப்லாக்கில் மூன்றும் பத்திரமாக இருந்தன. நாம் எதுவும் மாற்றாவிட்டால் இப்படி அநாதையான கமிட்டையும் 30 நாள் நினைவில் வைத்திருக்கும். இவ்வளவு நல்ல வசதியைச் செய்துவிட்டு, விவரம் தெரிந்தவன் மட்டும் கண்டுபிடிக்கும் இடத்தில் ஏன் ஒளித்து வைத்தார்களோ. ஸ்டேட்டஸ் கட்டளை மட்டும் அடுத்து என்ன செய்யலாம் என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறது, மற்றதெல்லாம் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் தேவலை.

புதியவர்களுக்கு இப்போது நான் செக்அவுட்டைச் சொல்லியே கொடுப்பதில்லை, ஸ்விட்சும் ரீஸ்டோரும்தான். ஆனால் ஏதாவது சிக்கல் என்று தேடிப் போனால், கண்ணில் படுகிற பழைய பதில்களில் பாதி இன்னமும் செக்அவுட்டைத்தான் போடச் சொல்கின்றன, அவர்களும் அப்படியே காப்பி செய்து ஒட்டிவிட்டு என்னிடம் வந்து நிற்கிறார்கள்.