கடல் பக்கமா, கழிப் பக்கமா? லெட்பெட்டர் முனையில் நடை

லெட்பெட்டர் முனைக்குப் போகும் யாரும் காரை நிறுத்திய இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மேற்கே காட்டைக் குறுக்காகக் கடந்து கடலுக்குப் போவதா, கிழக்கே உப்பங்கழி ஓரமாக நடப்பதா? இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் நானும் முதல் முறை போனேன். முழங்கால் வரை நனைந்து பாதியில் திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்தாயிற்று. இப்போது யார் கேட்டாலும் கழிப் பக்கம் போங்கள் என்கிறேன். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், தென்மேற்கு ஓரத்தில், வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது லாங் பீச் தீபகற்பம். நீளம் 28 மைல், அகலம் ஓரிரு மைல். தெற்கே கடலில் கலக்கும் கொலம்பியா ஆறு கொண்டுவந்த மணலை நீரோட்டம் வடக்கே தள்ளித் தள்ளிச் சேர்த்த நிலம் இது. மேற்கே பசிபிக், கிழக்கே வில்லாப்பா விரிகுடா. பெயர்தான் விரிகுடாவே தவிர, ஆறுகள் வந்து உப்புநீரோடு கலக்கும் அசல் கழிமுகம். தீபகற்பத்தின் வடநுனிதான் லெட்பெட்டர் முனை. இங்கே, இரண்டு தண்ணீருக்கும் நடுவே, ஸ்ப்ரூஸ், பைன் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. கடலோரச் சோலைக்குக் கானல் என்றும் உப்பங்கழிக்குக் கழி என்றும் பழந்தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. இந்த இடத்தை விவரிக்க அந்த இரண்டும் போதும்.

பொதுவான சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரை நிறுத்த டிஸ்கவர் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு 10 டாலர். தரை சமம், மலையேற்றம் கிடையாது. ஒரு பகுதி மாநிலப் பூங்கா, நுனியை ஒட்டிய பகுதி வில்லாப்பா வனவிலங்குப் புகலிடம். எந்தப் பக்கம் போனாலும் மழைச்சட்டை இல்லாமல் போகக் கூடாது.

கடல் பக்கத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ‘வெதர் பீச்’ என்று பெயர் வைத்த பாதை, ஏறக்குறைய ஒரு மைல் தூரம் காட்டுக்குள் மேற்கே போகிறது. பைன் மரங்கள் குள்ளமாகிக்கொண்டே வந்து, கடைசியில் புல் முளைத்த மணல்மேட்டின் மேல் ஏறி நின்றால், கண்ணுக்கு எட்டிய வரை ஆளில்லாத கரை. தெற்கே லாங் பீச் ஊரில் ‘உலகின் மிக நீளமான கடற்கரை’ என்று வளைவு கட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். அது உண்மை இல்லை, ஆனால் மேட்டின் மேல் நிற்கும் அந்த நிமிடத்தில் மறுத்துப் பேசவும் மனம் வராது. அலை ஒதுக்கிய முழு மரங்கள் கரையெங்கும் கிடக்கும். அவற்றின் மேல் ஏறி உட்கார வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று உயரமாக ஏறிவரும் அலை இந்தக் கரைக்கு வழக்கம். அது அத்தனை பெரிய மரத்தையும் உருட்டிவிடும்.

இவ்வளவு நல்ல கரையை ஏன் வேண்டாம் என்கிறேன்? தண்ணீரால்தான். கடல் தண்ணீர் அல்ல, பாதையில் நிற்கும் தண்ணீர்.

இந்தக் காட்டின் தரையை மேலிருந்து பார்த்தால் உழுத வயல் போல இருக்கும். பழைய மணல்மேடுகள் வடக்கு தெற்காக வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. இரண்டு வரிசைக்கு நடுவே நீளமான பள்ளம். ஆண்டுக்கு ஏறக்குறைய 80 அங்குலம் மழை பெய்யும் பிரதேசம் இது, அதில் பெரும்பங்கு குளிர்காலத்தில். மணலுக்குள் இறங்கும் மழைநீர் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி, பள்ளங்களில் மேலே வந்து நின்றுவிடுகிறது. வடிந்துபோக வாய்க்கால் இல்லை. மழை நின்றாலும் தண்ணீர் நிற்கும். கடலுக்குப் போகும் பாதை இந்த வரிசைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போவதால் எந்தப் பள்ளத்தையும் தவிர்க்க வழியில்லை.

அக்டோபரிலிருந்து மே வரை பாதைகள் மூழ்கும் என்று தகவல் பலகை எச்சரிக்கிறது. முதல் முறை பிப்ரவரியில் போனபோது நானும் படித்தேன். அரசாங்கப் பலகை, கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தது என் தவறு. முதல் பள்ளத்தில் கணுக்கால் அளவு. காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தோம். இரண்டாவது பள்ளத்தில் தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில், அசையாமல் நின்றது. அடியில் பைன் ஊசிகள் படிந்த பாதை துல்லியமாகத் தெரிந்தது. ஏதோ கண்ணாடிப் பெட்டிக்குள் பாதையை வைத்து மூடியது போல. ஆழம் தெரியவில்லை. இறங்கினால் முழங்கால். குளிர் எலும்பைத் தொட்டது. எதிரே பாதை வளைந்து, அங்கும் அதே நிறம். உடன் வந்த நண்பர் குச்சியை ஊன்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி நடக்கத் தொடங்கினார். கடலின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சரி, கோடையில் போனால்? பாதை காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் மார்ச் முதல் செப்டம்பர் வரை நுனிப் பகுதியின் உலர்ந்த மணலில் கால் வைக்கக் கூடாது. ஸ்னோவி ப்ளோவர் என்ற உப்புக்கொத்தி முட்டையிடும் காலம் அது. 1993 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் பறவை. நம் கடற்கரைகளுக்குக் குளிர்காலத்தில் வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் இதுவும் ஒரே இனம் என்றுதான் 2011 வரை கருதினார்கள். கூடு என்று ஒன்று கட்டாது. மணலில் சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே முட்டை. மிதித்த பிறகுதான் தெரியும். ஆகவே தடையில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஈர மணலில் நடக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. ஆனால் கடல் ஏறும் நேரத்தில் ஈர மணல் எவ்வளவு மிஞ்சும் என்பதை, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆக, மணல் முழுதும் திறந்திருக்கும் மாதங்களில் பாதை தண்ணீருக்குள். பாதை காய்ந்திருக்கும் மாதங்களில் மணலில் பாதிக்குமேல் தடை. இரண்டும் ஒத்துவருவது பறவைகள் கிளம்பிப்போய், பெருமழை தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்கள்தான். அந்த வாரங்களுக்குள் விடுமுறையும் கிடைத்து, காற்றும் அடங்கியிருந்தால் கடலுக்குப் போங்கள். மற்றபடி, கடல்தான் பார்க்க வேண்டும் என்றால் இதே மணலுக்கு இறங்க இந்தத் தீபகற்பத்தில் வேறு எத்தனையோ வழிகள் உண்டு; சில இடங்களில் காரோடே இறங்கலாம். அதற்காகத் தார்ச்சாலை முடியும் வரை வடக்கே வந்து, காடு கடந்து நனைய வேண்டியதில்லை.

கழிப் பக்கத்தின் சௌகரியமே வேறு. கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடையில் கரை வந்துவிடும். பிப்ரவரியில் நனைந்து திரும்பிய அதே நாள், மிச்சமிருந்த பொழுதை வீணாக்க வேண்டாம் என்றுதான் இங்கே வந்தோம். கடல் பக்கம் தொப்பியைப் பறிக்கும் காற்று. இங்கே காடு அதை மறித்து நின்றதால் நாணல் தலைகூட ஆடவில்லை. கடல் இறங்கிய நேரம். சேற்றுத்தரை வெகுதூரம் வரை வெளிச்சம் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஓதத்துக்கும் இந்தக் கழியின் நீரில் ஏறக்குறைய பாதி வெளியேறித் திரும்பி வருகிறது. அதனால் காலையில் பார்த்த இடத்தை மதியம் அடையாளம் தெரியாது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இங்கே சூட்சுமம். கடல் முழுக்க இறங்கியிருந்தால் நடக்க இடம் தாராளம், பறவைகள் மட்டும் தொலைவில் புள்ளிகளாகத் தெரியும். முழுக்க ஏறிவிட்டால் கரை ஒடுங்கிப்போய், புல்லுக்குள் ஒதுங்கத்தான் வேண்டும். ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு தொடங்கினால், ஏறும் தண்ணீர், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைக் கூட்டங்களை நம்மை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். மே மாதம் நான் செய்தது அதுதான். ஆயிரம் இருக்குமோ, இரண்டாயிரம் இருக்குமோ, ஒரே உடம்பு போலத் திரும்பின. திரும்பும்போது ஒரு கணம் வெள்ளை, மறுகணம் பழுப்பு. வசந்தத்தில் பிராண்ட் என்ற சிறு கடல்வாத்தும் கடற்புல் மேய இங்கே தங்குகிறது. ஒன்று மட்டும் கவனம்: இந்தக் கரையில் ஒரு நாளில் வரும் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் இல்லை. அட்டவணையில் நேரத்தோடு உயரத்தையும் பாருங்கள்.

அந்த மே மாத நடையில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் உடன் இருந்தார். உப்பளம் பார்த்து வளர்ந்தவர். ஓரிடத்தில் குனிந்து, கணுக்கணுவாகத் தடித்த ஒரு பச்சைத் தண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தார். “உமரிதானே தம்பி இது?” என்றார். உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடியின் இனம்தான், இங்கே பிக்கிள்வீட் என்கிறார்கள். எனக்கு அதற்கு முன் அது வெறும் புல்லாகத்தான் தெரிந்திருந்தது.

இந்தச் சதுப்புக்கு ஒரு பழைய வினையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்லாண்டிக் கரையிலிருந்து இங்கே வளர்க்கச் சிப்பி கொண்டுவந்தபோது, கூடவே ஸ்பார்டினா என்ற புல்லும் வந்துவிட்டது. சேற்றுத்தரையை மெல்ல மெல்லப் புல்வெளியாக்கி, ஒரு கட்டத்தில் 8,000 ஏக்கருக்கு மேல் பிடித்துக்கொண்டது. உள்ளானுக்கு இரை தேட இடமில்லை, சிப்பிப் பண்ணைகளுக்கும் ஆபத்து. பல ஆண்டுகள் மருந்தடித்து ஏறக்குறைய முழுவதையும் ஒழித்தார்கள். இன்று நாம் பார்க்கும் வெறும் சேறு, அப்படிப் போராடி மீட்ட சேறு.

கழிப் பக்கத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் காட்டோரம் கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. முழுக்கைச் சட்டையையும் துளைத்தது. தண்ணீரில் சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது, அதற்குக் கடல்தான். சேற்றின் வாடை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. புல் விளிம்பைத் தாண்டிச் சேற்றில் இறங்கவும் கூடாது. மண்ணுக்குள் வளை தோண்டும் இறால்கள் தரையைப் புட்டு மாதிரி இளக்கிவிடுகின்றன. நான் ஒரு காலணியை இழுத்து எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

இதெல்லாம் பிப்ரவரி, மே, செப்டம்பர் இறுதி ஆகிய மூன்று நடைகளை வைத்துச் சொல்வது. டிசம்பர், ஜனவரியில் புயல் அடிக்கும்போது கழிக்கரை எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. தீபகற்பத்தின் கடைசி நுனி வரையும் போனதில்லை. சிறு குழந்தைகளை அழைத்துப் போன அனுபவமும் கிடையாது.

செப்டம்பர் இறுதியில் மட்டும் ஒரு வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பாதை காய்ந்திருந்தது. பிப்ரவரியில் திரும்பிய அந்த இரண்டாவது பள்ளத்தில் நின்று பார்த்தேன். பக்கத்துப் பைன் மரத்தின் பட்டையில், என் முழங்காலுக்குச் சற்று மேலே, தண்ணீர் நின்ற கறை ஒரே கோடாக இருந்தது.