மகளுக்கு வாங்கின 24 இஞ்சி சைக்கிள், எட்டு மாசம் ஓடின பிறகு

ஏழாம் ஆண்டு படிக்கிற மகள் மட்டக்களப்பு கல்லடியில இருந்து டவுன் ஸ்கூலுக்குப் போக வாங்கினது. முந்தி வேன், வேன் இல்லாட்டி நான்தான் மோட்டர்சைக்கிள்ல ஏத்தி இறக்கிறது, ஸ்கூல், டியூஷன், மறுகா இன்னொரு டியூஷன் எண்டு. 2022ல பெற்றோலுக்கு லைன்ல கிடந்த நேரம் ஊரே சைக்கிளுக்கு மாறினது, பெற்றோல் வந்ததோட புள்ளையள் திரும்பவும் பின் சீற்றில ஏறிற்றுகள். அது எனக்கு மனசுக்க கிடந்து உறுத்தினது.

முதல்ல சைஸ். கடையில “வளர்ற புள்ளதானே, 26 எடுங்க” எண்டுதான் சொல்லுவாங்க, எடுக்காதீங்க. சீற்றில இருக்கேக்க ரெண்டு காலும் முன்பாதமாவது நிலத்தில முட்டோணும், பக்கத்தில பஸ் உரசிக்கொண்டு வரேக்க காலை ஊண்ட ஏலும் எண்டாத்தான் புள்ளைக்குத் துணிவு வரும். வளர வளர சீற்றை உயத்தலாம், ஆனா சீற் பைப்பில ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளிய தெரியிற அளவுக்கு இழுக்கப்படா.

மகள் போறது 1924ல கட்டின பழைய கல்லடிப் பாலத்தால. 2013ல புதுப்பாலம் திறந்த பிறகு பெரிய வாகனமெல்லாம் அங்கால போயிற்று, அதால பழைய பாலம் சைக்கிள்காரருக்கு நல்ல வசதி. கச்சான் காத்து அடிக்கிற நாளையில மட்டும் ஹாண்டிலை இழுக்கும், இறுக்கிப் பிடிக்கப் பழக்கோணும். அரசடிச் சந்தியில இறங்கி உருட்டிக்கொண்டுதான் கடக்கோணும் எண்டது எங்கட வீட்டுச் சட்டம். முதல் கிழமை பின்னால போனன், ரெண்டாம் கிழமை பாலத்தடி மட்டும், மறுகா கடப்படியில நிண்டு பாக்கிறதோட சரி.

இனி கோவமான விசயம். மூண்டாம் கிழமை நடுப்பாலத்தில இடது பெடல் கழண்டு விழுந்திற்று. வாங்கின கடையில பூட்டின ஆள் பிழையாப் பூட்டியிருக்கார். இடது பெடலுக்கு மரை மற்றப் பக்கம், எதிர்ப்பக்கமா முறுக்கினாத்தான் இறுகும், அவர் பலவந்தமா வலப்பக்கம் முறுக்கி மரையையே தேச்சுப்போட்டார். புள்ளையிட உயிர் இதில கிடக்கு, கொஞ்சம் யோசிக்க வேணாமா? ஆனா மகள் அழல்ல, எனக்கு கோலும் எடுக்கல்ல, பெடலை பேக்குக்க போட்டுக்கொண்டு பாலத்தடியில சைக்கிள் திருத்திற ஐயாட்ட உருட்டிக்கொண்டு போயிருக்கா. அவர் பெடல் பூட்டிற கிராங்கை மாத்திப்போட்டு, “இஞ்ச பாரு புள்ள, இப்பிடித்தான்” எண்டு அவவிட கையாலயே பெடலை முறுக்க விட்டிருக்கார், செயின் கழண்டா கையில எண்ணெய் படாம ஈக்கில் துண்டால தூக்கிப் போடவும் காட்டிக் குடுத்திருக்கார். பின்னேரம் கறுத்த நகத்தோட வந்து எனக்கு வகுப்பெடுத்தா.

பிரேக் காஞ்ச ரோட்டில நல்லம், மழையில ரிம் நனைஞ்சா பிடிக்கச் சுணங்கும், மாரியில முந்தியே பிடிக்கச் சொல்லுங்க. டைனமோ லைற் சைக்கிள் நிண்டா அணைஞ்சிரும், அதால இருட்டுப்பட்ட டியூஷனுக்கு பின்னால பேற்றரியில எரியிற சிவப்பு லைற் ஒண்டு போட்டன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, செயினுக்கு கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் விடாட்டி துரு ஏறிரும்.

போன சனிக்கிழமை “நொச்சிமுனைக்கு அம்மம்மாட்ட போய்ற்று வாறன்” எண்டா. கேக்கல்ல, சொன்னா. இப்ப தம்பிக்கு 20 இஞ்சி பாக்கிறன், இடது பெடலை கடையிலயே ரெண்டு பேரும் முறுக்கிப் பாத்துத்தான் சல்லி குடுக்கிறது.