ஜூமா, மூடுலா, வாட்ஸாப்பா?

தொண்டு நிறுவனங்களில் ஊழியருக்கும் தன்னார்வலருக்கும் ஒரே பயிற்சியைத் தயாரித்து இரண்டு பக்கமும் அனுப்பிவிடுகிறார்கள். ஊழியர் அதைச் சம்பள நேரத்தில் படிக்கிறார். தன்னார்வலர் வீட்டு வேலையெல்லாம் முடித்து, கைபேசியில், தூக்கக் கலக்கத்தில் படிக்கிறார். எந்தக் கருவி நல்லது என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஜூமில் இன்றைக்கே தொடங்கிவிடலாம். இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம். 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். என்னைக் கேட்டால் அந்த வரம்பு நல்லதுதான், அதற்கு மேல் பேசினால் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணையும். ஸ்லைடை வாசித்துக் காட்ட நேரலை எதற்கு? சிறு குழுக்களாகப் பிரித்து நடித்துப் பழகுவதற்குத்தான் அது. துயரத்தில் அழைப்பவரிடம் எப்படிப் பேசுவது, குழந்தை ஒன்று தனக்கு நடந்ததைச் சொன்னால் எதைக் கேட்கக்கூடாது என்பதெல்லாம் படித்து வருவதில்லை, வாய்விட்டுப் பேசிப் பார்த்தால்தான் வரும். வராதவர்களுக்குப் பதிவை அனுப்பிவிட்டால் அது பாடமாகிவிடாது. நாற்பது நிமிடக் காணொளியை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

மூடுல், இணையத்தில் பாடங்களும் தேர்வுகளும் நடத்துவதற்கான, 2002இல் வெளியான திறந்தமூல மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது, ஆனால் செலவு உண்டு: சர்வர், அப்டேட், அப்புறம் பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள். பதிலுக்கு, யார் முடித்தார்கள், எத்தனை மதிப்பெண் என்ற பதிவு கிடைக்கும். நிதி தருபவர்கள் கேட்பதும் அதைத்தான். தரவுப் பாதுகாப்பு, கணக்கு விதிகள் போன்ற ஊழியர் பயிற்சிக்கு இது சரி. பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால் சான்றிதழ் என்று மட்டும் வைக்காதீர்கள். திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவுபடுத்திச் சொல்லும் பயிற்சி ஒரு வாரம் கழித்தும் அதிகம் தங்குகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டினார்கள். சூழ்நிலைக் கேள்விகளை இடையிடையே வையுங்கள்.

தன்னார்வலர்களுக்கு என் தேர்வு வாட்ஸாப். புதுக் கணக்கு வேண்டாம், லாகின் வேண்டாம். சின்ன ஆடியோ, ஒரு படம், ஒரு கேள்வி போதும். நடிப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒருநாள் ஜூமுக்கு அழைத்துக்கொள்ளலாம். குழுவில் பாடம் காலை வணக்கங்களுக்கு அடியில் புதையும் என்பதால், அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக்கூடாது என்றால், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். முதல் பாடத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.