ஊட்டியில் ஹால் போட்டால் ஸ்னூக்கரா, பூலா?

சேரிங் கிராஸ் பக்கம் 22 அடிக்கு 17 அடியில் ஒரு ஹால் வாடகைக்குக் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அதில் முழு அளவு ஸ்னூக்கர் டேபிள் ஒன்றுதான் போட முடியும். எட்டடி பூல் டேபிள் என்றால் இரண்டு. ஸ்னூக்கர் டேபிளில் பந்து ஓடும் இடம் மட்டுமே 11 அடி 8½ அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம். பந்தைக் குத்தும் கோலான க்யூ ஏறத்தாழ 4 அடி 10 அங்குலம். நாலு பக்கமும் அதைப் பின்னுக்கு இழுக்க இடம் விட வேண்டும். பூலில் இடைவெளியை இரண்டு டேபிளும் பங்கு போட்டுக்கொள்ளும். முழங்கையில் இடி வாங்கிய பக்கத்து டேபிள்காரர் முறைப்பது தனிக் கதை.

பழம்பெருமையில் ஸ்னூக்கருக்குப் போட்டியே கிடையாது. 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டத்துக்கு, 1882-ல் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டினார்கள். (அதே பெயரில் பின்னாளில் பிரிட்டன் பிரதமரானவர் வேறு ஆள்.) ஆனால் பெருமையைக் காட்டி வாடகை கட்ட முடியாதே.

சீசனில் பூல்தான் ராஜா. போட்டிங் முடித்து, மழைக்கு ஒதுங்கி வருகிற குடும்பத்துக்குக் கால் மணி நேரத்தில் ஆட்டம் புரிந்துவிடும். பந்து ஸ்னூக்கர் பந்தைவிடப் பெரிது, 57 மில்லிமீட்டர், டேபிள் சின்னது, குழந்தைகூட ஒன்றிரண்டைக் குழிக்குள் தள்ளிவிடும். அதே குடும்பத்தை ஸ்னூக்கர் டேபிள் முன்னால் நிறுத்தினால் முக்கால் மணி நேரத்தில் சிவப்புப் பந்து நாலுகூடக் குழியில் விழுந்திருக்காது. க்யூ முனை துணியைக் கிழித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சிக்கல், சீசன் என்பதே ஏப்ரல், மே என்று சுருங்கிப்போனது. 2024 மே முதல் வெளியூர் வண்டி மலையேற இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. ஜூனில் மழை பிடித்தால் அப்புறம் உள்ளூர் ஆட்கள்தான் கதி.

உள்ளூர்க்காரர் ஸ்னூக்கர் பக்கம். சவாரி இல்லாத டாக்ஸி டிரைவர், ஷட்டர் இறக்கிவிட்டு வரும் கடைக்காரர், ஆர்ட்ஸ் காலேஜ் பையன்கள். தோற்றவர் டேபிள் காசு கட்டுவது பல ஹால்களில் வழக்கம். தோற்றவருக்கு ரோஷம், ஜெயித்தவரோடு மோத மூன்றாமவர் காத்திருப்பு, டேபிள் சும்மா கிடக்காது. ஸ்வெட்டரைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு ஒருவர் குனிவார். "அண்ணா, நீலம் விழுந்தா கேம் உங்களுது." "தம்பி, வாயை மூடு. கை ஆடுது." நீலம் குழி வாயில் நின்றுவிடும். அடுத்த ஃப்ரேம் தொடங்கிவிடும்.

பராமரிப்பில் ஸ்னூக்கர் படுத்தும். அதன் கம்பளித் துணிக்கு மயிர்வாட்டம் உண்டு, அதாவது இழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிரஷ் போடுவதும் இஸ்திரி போடுவதும் வெள்ளைப்பந்து வைக்கும் பக்கத்திலிருந்து கறுப்புப்பந்து பக்கமாகத்தான். ஈரம் ஏறினால் பந்து சேற்றில் ஓடுவதுபோல இழுக்கும். பெரிய போட்டிகளில் துணிக்கு அடியிலுள்ள கற்பலகையான ஸ்லேட்டுக்கு அடியில் ஹீட்டரே வைக்கிறார்கள். ஜூலையில் ஊட்டியில் அறையைச் சூடாக வைக்காமல் ஹால் நடத்த முடியாது, கரண்ட் பில்லை முதல் நாளே கணக்கில் சேருங்கள். பூல் துணி அவ்வளவு சிணுங்காது. ஆனால் மலிவு பூல் டேபிளில் ஸ்லேட்டுக்குப் பதில் மரத்தூள் பலகை இருக்கும். ஈரத்தில் உப்பிவிட்டால் பந்தெல்லாம் ஒரே மூலைக்கு உருளும். அதை மலைக்கு ஏற்றவே வேண்டாம்.

பேர் கெடுவதிலும் ஸ்னூக்கருக்குத்தான் முதலிடம். மாடி, திரைச்சீலை, புகை என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதலே தடை. அதைக் கண்டிப்பாக அமல்படுத்தி, கண்ணாடிக் கதவும் போட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கும்.

என் ஓட்டு, கோத்தகிரி, குன்னூர் என்றால் யோசிக்காமல் ஸ்னூக்கர். சேரிங் கிராஸிலும் சொந்தக் காசு போடுகிறவருக்கு ஸ்னூக்கர்தான். மே மாதத்துக்குள் கடனை அடைத்தாக வேண்டியவர் பூல் போடட்டும். எதுவானாலும் தரையைப் பாருங்கள். ஸ்னூக்கர் டேபிள் ஒரு டன்னுக்கு மேல் கனக்கும், ஸ்லேட் போட்ட பூல் டேபிளும் லேசல்ல. பழைய பங்களாவின் மரத்தள மாடியா? கேரம் போர்டு வாங்கிப் போட்டுவிட்டு டீக்கடை வையுங்கள்.