86,500 ரூபாயும் ஐந்து வார உழைப்பும் போயின: டைம்லாப்ஸ் எடுக்கக் கமரா வாங்குபவர்கள் வாசிக்கவும்

இதை எழுதும்போது என் கை இன்னும் பதறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடையின் மாடிப்படி இறங்கி வந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. 86,500 ரூபாய் போய்விட்டது. அந்தப் பணத்துக்கு வாங்கிய கமராவும் இப்போது என்னிடம் இல்லை. எதை எடுக்க அதை வாங்கினேனோ அதுவும் இல்லை. வீட்டுக் கராஜில் எஞ்சின் பூட்டுவதையோ பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதுப்பிப்பதையோ டைம்லாப்ஸ் காணொளியாக (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓடவிடுவது) எடுக்க நினைத்துச் சாமான் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதுமாக வாசியுங்கள். எவற்றைச் சோதிக்க வேண்டும், யாரிடம் முறையிட வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முறைப்பாடு கொடுக்க இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து விளம்பரம் செய்து, காலி வீதி (Galle Road) ஓரக் கட்டடம் ஒன்றின் மாடியறையில் கமராச் சாமான் விற்கும் கடை என்பது போதும்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் தொடர்மாடியாக மாறாமல் எஞ்சியிருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. அதன் பின்புறக் கராஜில் அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 பதினொரு வருடங்களாகத் தூசி படிந்து நின்றது. 1960ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி எஞ்சின். நானும் அண்ணாவும் வண்டி ஓட்டப் பழகியது அதில்தான். அப்பாவுக்கு இப்போது 79 வயது. அவருடைய கையால் அந்த எஞ்சினை இன்னொரு முறை இயங்க வைக்க வேண்டும், அதை ரொறன்ரோவிலிருக்கும் அண்ணா தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஐந்து வாரம், சனியும் ஞாயிறும், நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் என்று திட்டமிட்டோம்.

ஜூன் முதல் சனிக்கிழமை கடைக்குப் போனேன். அங்கே நின்ற இளைஞர் என்னை அமரவைத்து, என்ன வேலை, எத்தனை நாள், கராஜில் வெளிச்சம் எப்படி என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு கல்குலேட்டரை எடுத்து என் கண் முன்னாலேயே கணக்குப் பார்த்தார். பத்து செக்கனுக்கு ஒரு படம் என்றால் மணித்தியாலத்துக்கு 360 படம், ஆறு மணித்தியாலத்துக்கு 2,160, பத்து நாளுக்கு 21,600. செக்கனுக்கு 30 படம் வீதம் ஓடவிட்டால் சரியாகப் பன்னிரண்டு நிமிடக் காணொளி. ஒரு படம் ஏறக்குறைய ஐந்து மெகாபைட் என்றால் மொத்தம் 108 ஜிகாபைட். ஆகவே 256 ஜிகாபைட் மெமரி கார்ட் தாராளமாகப் போதும். இதில் ஒரு பிழையும் இல்லை. நம் ஊரில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டரை ஐம்பதில் ஒரு செக்கனில் வைக்க வேண்டும், வெளிச்ச அளவையும் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையையும் மாறாமல் பூட்டாவிட்டால் காணொளி மினுங்கிக்கொண்டே இருக்கும், பெட்டரியை நம்பாமல் பவர் பேங்கிலிருந்து வயர் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அவையும் உண்மையே. தொழில் தெரிந்தவர் ஒருவரிடம் வந்திருக்கிறேன் என்று என் மனம் குளிர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஊரைக் கேட்டார். அப்பாவுக்குச் சாவகச்சேரி என்றதும், "அண்ணா, எங்கட அம்மம்மாவும் அங்கதான்" என்றார். அதன் பிறகு நான் வாடிக்கையாளராக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, உறவுக்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் போல இருந்தேன்.

அக்ஷன் கமரா, 256 ஜிகாபைட் கார்ட், பிடிக்கும் கிளாம்ப், இரண்டு பெட்டரி, எல்லாம் சேர்த்து 86,500 ரூபாய். வங்கி அட்டையில் கட்டினால் மூன்று வீதம் கூடும், வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் இந்த விலை என்றார். கொடுத்த கணக்கு கடையின் பெயரில் இல்லை, ஒரு தனி நபரின் பெயரில் இருந்தது. அதைக் கண்டேன்; கேட்கவில்லை. பற்றுச்சீட்டில் "கமரா செட் 1, 86,500" என்று மட்டும் எழுதியிருந்தது. அதையும் கண்டேன்.

புறப்படும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என் கழுத்தை அறுத்தது. "அண்ணா, கமராவை ஒருக்காலும் அசைக்க வேண்டாம், கார்ட்டையும் இடையில கழற்ற வேண்டாம். ஃபிரேம் மாறினா எல்லாம் வீண். முடிஞ்ச பிறகு கொண்டு வாங்கோ, நானே காணொளியாக்கித் தாறன்." டைம்லாப்ஸ் எடுப்பவர் யாரும் இதை மறுக்கமாட்டார், கமரா அரை அங்குலம் நகர்ந்தாலும் படம் துள்ளும். உண்மையான அந்த அறிவுரையை நம்பித்தான், முதல் வார இறுதியில் ஒருமுறை திரையில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் கமராத் திரையில் படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

முதல் மூன்று நாளில் பொனட்டைக் கழற்றி, ரேடியேட்டரையும் கார்பரேட்டரையும் இறக்கி, செயின் புளொக்கில் எஞ்சினைத் தூக்கி, துண்டு துண்டாகப் பிரித்தோம். புளொக்கைப் பஞ்சிகாவத்தைப் பக்கத்து லேத் பட்டறையில் சிலிண்டர்களைக் கடைந்து எடுத்தோம். பிறகு பூட்டும் வேலை. கிராங்க், பிஸ்டன், கேம், ஹெட் எல்லாவற்றையும் அப்பா கதிரையில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். வால்வு இடைவெளி பார்க்கும் நாளில் மட்டும் எழுந்து வந்து இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜைத் தானே வாங்கிக்கொண்டார். இந்த எஞ்சினில் எட்டு வால்வு. எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிபார்க்க வேண்டும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை, இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரவேண்டும் என்று வாய்விட்டு எண்ணியபடி, 0.012 அங்குலத் தகட்டை வால்வை அழுத்தும் ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையில் விட்டு இழுத்துப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாததால் விரல் நுனியால் தகட்டின் பிடிப்பை உணர்ந்து, "இது இறுக்கம், கொஞ்சம் விடு" என்றார். எட்டையும் அப்படியே முடித்தார். கடைசி நாள் முன்னாலிருந்து கைப்பிடியைப் போட்டுச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பற்றிக்கொண்டது. அப்பா பம்பரில் கையை ஊன்றியபடி அப்படியே நின்றார்.

இவை எதுவும் கார்டில் இல்லை. கணினியில் போட்டபோது 21,000க்கு மேற்பட்ட கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன, அளவும் சரியாக இருந்தது. முதல் 6,400 படங்கள் திறந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் திறக்கவில்லை. உள்ளே வெறும் பூச்சியங்கள். என் அலுவலக நண்பர் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் இன்னொரு நாள் முழுவதும் சோதித்துக் காட்டினார். அது கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்கும். கார்டுக்குள் உண்மையில் 32 ஜிகாபைட்தான் இருந்தது. உள்ளேயிருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பைத் திருத்தி 256 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் எழுதப்படுவதால் பெயர்கள் பத்திரமாக இருக்கும். 32ஐத் தாண்டிய படங்களோ எங்கும் எழுதப்படாமல் போகும். கமராவுக்கு அது தெரியாது, தொடர்ந்து எண்ணிக்கொண்டே இருக்கும். அதாவது என்னிடம் எஞ்சினைப் பிரித்தது இருக்கிறது, பூட்டியது இல்லை. பூட்டி முடித்து ஓடும் எஞ்சினைக் கமராவுக்காக மறுபடி பிரிக்க முடியாது. அப்பாவை மறுபடி ஐந்து வாரம் அந்தக் கதிரையில் இருத்தவும் முடியாது.

உடனே வாட்ஸ்அப்பில் எழுதினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள், "ஃபோர்மட் பண்ணிப் பாருங்கோ அண்ணா" என்று வந்தது. அதைச் செய்திருந்தால் எஞ்சியிருந்த 6,400 படங்களும் போயிருக்கும்! நல்ல வேளையாக அதற்கு முன்பே பிரதி எடுத்திருந்தேன். நேரில் போனபோது "அண்ணா" போய் "சேர்" ஆகிவிட்டது. "கார்டுக்கு ஏழு நாள் செக்கிங் வாரண்டி மட்டும்தான் சேர், பிழை கமராவிலயும் இருக்கலாம், வச்சிட்டுப் போங்கோ, டெக்னீஷியன் பார்ப்பார்" என்றார். நான் கமராவையும் கார்டையும் பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு துண்டுகூட எழுதி வாங்கவில்லை. ஒருமுறை ஏமாந்த இடத்தில் இரண்டாம் முறையும் நம்பினேன் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அதற்குப் பிறகு நாலு வாரம். டெக்னீஷியன் வரவில்லை. போயா விடுமுறை. முதலாளி வெளிநாடு. ஏஜென்டுக்கு அனுப்பியிருக்கிறோம். நாளைக்கு எடுங்கோ. இன்று போனால் அங்கே வேறொருவர். அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டாராம். "கமரா தந்ததுக்குத் துண்டு இருக்கா சேர்?" என்று கேட்டார். பற்றுச்சீட்டைக் காட்டினேன். "இதில சீரியல் நம்பர் இல்லையே, எங்கட கடைப் பெயரும் இல்லையே" என்றார். பணம் அனுப்பிய வங்கிப் பதிவைக் காட்டினேன். "இது எங்கட கணக்கு இல்லை சேர்." 86,500 ரூபாயை அவர்கள் வாங்கவே இல்லை என்பதுபோல என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த மேசையில், அந்தக் கதிரையில்தான் நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கார்ட் எந்தக் கடையில் வாங்கினாலும் முதல் வேலையாக முழுவதும் எழுதி வாசித்துச் சோதியுங்கள்; லினக்ஸ் அல்லது மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்ற மென்பொருள் இருக்கிறது. 256 ஜிகாபைட்டுக்குப் பல மணித்தியாலம் எடுக்கும், எடுக்கட்டும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் அன்றைய படங்களைக் கணினிக்கு மாற்றி, கடைசிப் படத்தைத் திறந்து பாருங்கள், ஃபிரேம் சற்று மாறினாலும் பரவாயில்லை. தனி நபர் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். பற்றுச்சீட்டில் கடையின் பெயர், விலாசம், சீரியல் இலக்கம் மூன்றும் இல்லாமல் வெளியே வர வேண்டாம். திருத்தக் கொடுக்கும்போது துண்டு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். என்னைப்போல "நாளைக்கு எடுங்கோ" என்பதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். எனக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது.

திங்கட்கிழமை காலை கடிதத்தைக் கொடுக்கிறேன். சற்று முன்னர்தான் நண்பர் தொலைபேசியில் ஒரு விடயம் சொன்னார்: நான் பிரதி எடுத்து வைத்த படங்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் அந்தக் கமராவின் சீரியல் இலக்கம் பதிவாகியிருக்கிறது. அவர்கள் இல்லை என்று சொன்ன அந்த இலக்கத்தோடு, அப்பா கதிரையில் இருக்கும் முதல் நாள் படம் ஒன்றையும் இப்போது அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன்.